லிப்ரே ஆபீஸைப் புதிதாக நிறுவிய பின் பிடிஎஃப்பில் படங்கள் மங்குவது ஏன்?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் டப்பாக்களுக்கான லேபிளை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தயாரிக்கும் நீங்கள், பழைய பயனர் கோப்புறையை அழித்துவிட்டுப் புதிய பதிப்பை நிறுவியதிலிருந்து பிடிஎஃப்பில் பார்கோடும் சின்னமும் மங்குவதாகக் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றுமதி அமைப்புகள் அந்தக் கோப்புறையில்தான் இருப்பதால், அது போனதும் 90 சதவீதத் தரமுள்ள ஜேபெக் சுருக்கம் (நுண்விவரங்களைக் கொஞ்சம் இழந்து படத்தைச் சிறிதாக்கும் முறை), அங்குலத்துக்கு 300 புள்ளி வரம்பு என்ற இயல்பு மதிப்புகள் திரும்பிவிடும்.

மாம்பழப் புகைப்படத்துக்கு இதுவே போதும். ஆனால், கூரிய விளிம்புள்ள பார்கோட்டிலும் பொடி எழுத்திலும் ஜேபெக் சுருக்கம் விளிம்பைச் சுற்றி அழுக்குப் படிந்தாற்போல் புள்ளிகளைச் சேர்த்துவிடும். ஆகவே, பிடிஎஃப் ஏற்றுமதிச் சாளரத்தில் இழப்பில்லாச் சுருக்கத்தைத் தேர்ந்து, படத்தின் பிரிதிறனை, அதாவது ஓர் அங்குலத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை, குறைக்கும் பெட்டியில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். கோப்பு பெரிதாகும், அச்சகத்துக்கு அது பொருட்டல்ல.

அந்த 300 என்பது உச்ச வரம்பு மட்டுமே, குறைந்த பிரிதிறனை அது உயர்த்தாது. 1200 பிக்சல் அகலப் படத்தை 4 அங்குலத்தில் வைத்தால் 300 கிடைக்கும். 8 அங்குலத்துக்கு இழுத்தால் 150தான், எந்த அமைப்பை மாற்றினாலும் அது உயராது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்த சின்னம் ஏற்கெனவே சுருங்கியிருக்கும் என்பதால், வடிவமைத்தவரிடம், பெரிதாக்கினாலும் மங்காத கோட்டுவடிவப் படமான எஸ்விஜி கோப்பாகவே கேட்டு வாங்குங்கள்.