மிக்ஸி விமர்சனத் தளம் தொடங்கியிருக்கிறேன். வருபவர்கள் ஒரு பக்கத்தோடு போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

'எந்த மிக்ஸி நல்லது' என்று தேடி வருபவருக்கு முதலில் வேண்டியது பதில். யாருக்குச் சரிப்படும், யாருக்கு வேண்டாம் என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் 750 வாட் மிக்ஸியில் ஊறவைத்த உளுந்தை நீங்களே அரைத்து, மாவு எவ்வளவு சூடானது, மூடி வழியாகத் தெறித்ததா என்று சொந்தப் படத்தோடு காட்டுங்கள். கம்பெனிப் படத்தை அமேசானிலேயே பார்த்துக்கொள்வார்களே!

'இதைவிட மலிவாகக் கிடைக்குமா?' என்று அவர் மனதில் கேள்வி எழும் வரியிலேயே 500 வாட் மிக்ஸியோடு ஒப்பிட்ட பக்கத்துக்கு இணைப்பு கொடுங்கள். கடைசியில் கொத்தாகப் போட்டால் யாரும் தொடமாட்டார்கள்.

பக்கத்தை மறைத்துக்கொண்டு திடீரென எழும் பெட்டி (பாப்-அப்) இருந்தால் எடுத்துவிடுங்கள். படங்களின் அளவைக் குறையுங்கள்: பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிந்தால்தான் கூகுள் அதை 'நல்லது' என்று கணக்கில் எடுக்கும். மெனுவில் காலிப் பிரிவுகள் இருந்தால், இப்போதைக்கு மறைத்து வையுங்கள்.