கம்ப்ரஷன் ரேஷியோ: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: தினமும் ஓட்டும் வண்டிதான், கொஞ்சம் வேகமும் வேண்டும். இன்ஜினைப் பிரித்துக் கட்டப் போகிறேன். ரேஷியோ எவ்வளவு வைக்கலாம், அண்ணா?

ப: ரேஷியோ என்பது பிஸ்டன் கீழே நிற்கும்போது சிலிண்டரில் இருக்கும் இடம், மேலே வந்ததும் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது. என்ன பெட்ரோல், எந்த கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), சிலிண்டரை மேலே மூடும் ஹெட் அலுமினியமா வார்ப்பிரும்பா, ஒன்றும் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால் எப்படி? டர்போ இல்லாத இன்ஜின், அலுமினிய ஹெட், 95 ஆக்டேன் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) என்றால் 10-க்குப் பக்கத்தில் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். வார்ப்பிரும்பு ஹெட் என்றால் அரைப் புள்ளி குறையுங்கள். இன்னொன்று, இதை இன்று பல தடவை சொல்வேன்: அளக்காமல் கட்டாதீர்கள். பிஸ்டன் பெட்டியில் 10.5 என்று அச்சடித்திருப்பது வேறு யாருடைய ஹெட்டுக்கோ, வேறு யாருடைய கேஸ்கெட்டுக்கோ (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடு) போட்ட கணக்கு.

கே: அளப்பது எப்படி?

ப: அப்படிக் கேளுங்கள். ஹெட்டில் வால்வுகளையும் பிளக்கையும் மாட்டி, கலவை எரியும் அறை மேலே பார்க்கும்படி வையுங்கள். விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட அக்ரிலிக் தகட்டை அதன்மேல் அழுத்துங்கள். ஓட்டை இருக்கும் பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும், காற்று அந்த வழியாக வெளியேறும். பியூரெட்டிலிருந்து சாயம் கலந்த திரவத்தை விடுங்கள். மிளகு அளவு குமிழிகூட உள்ளே நிற்கக் கூடாது.

இப்போது கணக்கு. போர் (சிலிண்டரின் விட்டம்) 86, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 86 மி.மீ. என்றால் ஒரு சிலிண்டருக்கு 499.6 சிசி. ஹெட்டில் 44, பிஸ்டன் பள்ளத்தில் 2, பிஸ்டன் டெக்குக்கு (பிளாக்கின் மேல் முகம்) 0.3 மி.மீ. கீழே நிற்பதால் 1.7, 87 மி.மீ. வட்டத்தில் 1 மி.மீ. கேஸ்கெட்டுக்கு 5.9. கூட்டினால் 53.6. 499.6-ஐ அதால் வகுத்து 1 கூட்டுங்கள்: 10.3. கேஸ்கெட்டை 1.5 மி.மீ. ஆக்கினால் 9.8. அரை மில்லிமீட்டருக்கு அரைப் புள்ளி போய்விட்டது, பார்த்தீர்களா?

கே: அப்போது நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வந்தால் தடித்த கேஸ்கெட் போட்டால் முடிந்தது!

ப: முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அதன் தட்டையான விளிம்பு ஹெட்டை நெருங்கி, இடையில் இருக்கும் கலவையைப் பிதுக்கி பிளக் பக்கம் தள்ளும். இதைத்தான் ஸ்குவிஷ் என்கிறோம். இடைவெளி சுமார் 1 மி.மீ. இருந்தால் நன்றாக வேலை செய்யும். மேலே சொன்ன இன்ஜினில் ஏற்கெனவே 1.3. 1.5 மி.மீ. கேஸ்கெட்டோடு 1.8. கலவை ஓரத்திலேயே தங்கி, சூடேறி, தானாக வெடிக்கப் பார்க்கும். ரேஷியோ குறைந்தும் நாக்கிங் போகாது. குறைக்க வேண்டுமானால் பிஸ்டன் பள்ளத்தையோ ஹெட் அறையையோ பெரிதாக்குங்கள்.

கே: சார், நான் இரண்டு கேஸ்கெட் அடுக்கி இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். ஒரு சத்தமும் இல்லை.

ப: சரி. இக்னிஷன் டைமிங்கை (பிளக் தீப்பொறி விடும் நேரம்) எவ்வளவு பின்னால் தள்ளினீர்கள்?

கே: 6 டிகிரி.

ப: நாக்கிங்கை நிறுத்தியது அதுதான், கேஸ்கெட் இல்லை.

கே: அரைக்கோள அறையில் ஸ்குவிஷே கிடையாதே. அது ஓடவில்லையா?

ப: நியாயமான கேள்வி. திறந்த அரைக்கோள அறையில் ஸ்குவிஷ் மிகக் குறைவு, அதனால் தடித்த கேஸ்கெட்டால் இழப்பதும் குறைவு. ஆனால் எரிதல் மெதுவாக நடப்பதால் அதற்கு டைமிங் இன்னும் முன்னால் வேண்டும். நம் நண்பர் சொல்வது அந்த இன்ஜின் இல்லையே.

கே: பெரிய கேம் போடுகிறேன். 11.5 வைக்கலாமா?

ப: இன்டேக் வால்வு தாமதமாக மூடினால் அமுக்கமும் தாமதமாகத்தான் தொடங்கும். அதனால் குறைந்த ஆர்பிஎம்மில் அவ்வளவு ரேஷியோவையும் தாங்கும். ஆனால் டார்க் உச்சத்தில் சிலிண்டர் நன்றாக நிரம்பும்போது இந்தச் சலுகை குறையும். அதற்கு நேர்மாறாக, 9-இல் பெரிய கேம் போட்டால் சிக்னலில் வண்டி தூங்கும். கேம் அட்டையில் வால்வு மூடும் டிகிரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கே: கம்ப்ரஷன் கேஜில் 180 பிஎஸ்ஐ காட்டுகிறது. வெளிக்காற்றின் அழுத்தமான 14.7-ஆல் வகுத்தால் 12 ரேஷியோதானே?

ப: இல்லை. அமுக்கும்போது காற்று சூடேறி அழுத்தம் இன்னும் கூடும், கேமும் அதை மாற்றும். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடத்தான் கேஜ். அளந்து பாருங்கள்.

கே: 10-ஐ 11 ஆக்கினால் பவர் எவ்வளவு கூடும்?

ப: ஏட்டுக் கணக்கில் இரண்டரை சதவீதம் போல. மேலே போகப் போக இன்னும் குறையும். அந்த இரண்டரைக்காக பிஸ்டன் ரிங் மேட்டை உடைத்துக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கே: எனக்குக் கிடைப்பது 91 ஆக்டேன்தான்.

ப: எந்த 91? ஆக்டேனை ஏகேஐ, ஆர்ஓஎன் என்று இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஏகேஐ 91 என்றால் ஏறக்குறைய ஆர்ஓஎன் 95-க்குச் சமம். ஆர்ஓஎன் 91 என்றால் 9.5-ஐத் தாண்டாதீர்கள். பம்பில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: டர்போவுக்கு?

ப: போர்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை இன்டேக் வழியில் தெளிப்பது) என்றால் 9 பக்கம். மீதியை டர்போ ட்யூன் செய்பவரிடம் கேளுங்கள்.

கே: என் வண்டிக்கு எவ்வளவு வைக்கலாம், அண்ணா?

ப: முதல் பதில்.

கே: சார், இரண்டு கேஸ்கெட் ஆள் நான்தான். 6 டிகிரியைத் திருப்பி வைத்து ஒரு சுற்று ஓட்டினேன். ஏற்றத்தில் டிக் டிக் என்கிறது.

ப: டைமிங்கை உடனே பழையபடி வையுங்கள். அப்புறம் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் கோக்கும் பின்னுக்கு நேராக, பிஸ்டன் விளிம்பில் சாலிடர் கம்பித் துண்டு வைத்து, அதே கேஸ்கெட்டோடு மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் தடிமனை மைக்ரோமீட்டரில் பார்த்து எழுதுங்கள். 2 மி.மீ.க்கு மேல் இருக்கும் என்று நினைக்கிறேன்.