ஷீஃபை நீட்டும்போது லிமிட்டா, கோலிமிட்டா?

"பெரிய சைட்டிலிருந்து சின்ன சைட்டுக்கு ஷீஃபைச் சுருக்குவது புரிகிறது. திரும்ப நீட்ட மட்டும் ஏன் இரண்டு வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். ஷீஃப் என்பது ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்து, மூடும் துண்டுகளில் ஒத்துப்போகும் தரவுகளை ஒரே வழியில் ஒட்டவிடும் அமைப்பு. சைட் என்பது அந்தக் கணங்களும், எவை எதை மூடும் என்ற விதியும்.

மெய்யெண் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சைட்டில் அதன் எல்லாத் திறந்த கணங்களும். சின்ன சைட்டில் வெற்றல்லாத திறந்த இடைவெளிகள் மட்டும். ஒவ்வொரு இடைவெளிக்கும் மெய்யெண்களின் கணத்தையே கொடுப்போம். சின்ன இடைவெளிக்குச் சுருக்கும்போது எண் மாறாது. ஓர் இடைவெளியைச் சின்ன இடைவெளிகளால் எப்படி மூடினாலும், மேற்படியும் இடங்களில் எண்கள் ஒத்துப்போனால் எங்கும் ஒரே எண்தான். ஆக, சின்ன சைட்டில் இது ஏற்கெனவே ஷீஃப்.

சரி, (0, 1), (2, 3) இரண்டும் சேர்ந்த கணத்துக்கு எதைக் கொடுப்பது? "ஒரே எண்" என்று நோட்டில் எழுதிவிட்டு, ஷீஃப் நிபந்தனை ஏன் உடைகிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்க விழித்தேன். கணத்தை வெளியிலிருந்து பார்த்ததுதான் தப்பு. அதை உள்ளடக்கும் (−1, 4) மாதிரியான இடைவெளிகளின் மேல் கோலிமிட் எடுத்தால், அதாவது அவற்றின் தரவுகளைச் சேர்த்து, சுருக்கும்போது ஒன்றாகிறவற்றை ஒன்றாகவே எண்ணினால், ஒரே எண்தான் வரும். இது இடது கான் நீட்டிப்பு எனப்படும் வழி; கிடைப்பது வெறும் ப்ரீஷீஃப், அதாவது ஒட்டும் நிபந்தனை இல்லாதது. உள்ளே அடங்கும் இடைவெளிகளின் மேல் லிமிட் எடுத்தால், அதாவது ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தரவுகளை மட்டும் சேர்த்து எடுத்தால், துண்டுக்கு ஒன்றாக இரண்டு எண்கள். இது வலது நீட்டிப்பு, நேராகவே ஷீஃப்.

இடதை ஷீஃபாக்கினாலும் அதே இரண்டு எண்களில்தான் வந்து நிற்கும். எந்தத் திறந்த கணத்தையும் இடைவெளிகளால் மூடலாம் அல்லவா? அப்படி மூட முடிந்தால், சின்ன சைட் முழு உட்கேட்டகரியாக (தன் கணங்களுக்கிடையே பெரியதில் உள்ள எல்லா உறவுகளும் கொண்டதாக) இருந்து டோபாலஜியும் (எவை எதை மூடும் என்ற விதியும்) பெரியதிலிருந்தே வந்தால், சுருக்குவது ஷீஃப்களுக்கிடையே ஒரு சமானம், அதாவது இரு பக்க ஷீஃப்களும் சாரத்தில் ஒன்றே. இதுதான் கம்பாரிசன் லெம்மா. கணிதர் குரோதெண்டிக்கின் 1963–64 கருத்தரங்கான எஸ்ஜிஏ 4இல் இருக்கிறது. ஷீஃபாக்கிய இடது நீட்டிப்பும் வலது நீட்டிப்பும் சுருக்குவதன் இடது, வலது அட்ஜாயின்ட்கள், அதாவது இரு பக்கமும் அதற்கு மிக நெருங்கிய எதிர்ச்செயல்கள். சமானத்துக்கு இரண்டும் ஒன்றே.

மூட முடியாதபோதுதான் இரண்டும் பிரியும். சின்ன சைட்டில் 0 இல்லாத திறந்த கணங்களை மட்டும் வையுங்கள். 0 உள்ள எதையும் இவற்றால் மூட முடியாது. அங்கே மெய்யெண்களின் மாறிலி ஷீஃபை (துண்டுக்கு ஓர் எண்), கூட்டல் குழுக்களின் ஷீஃபாக (எண்களைக் கூட்டவும் முடியும்படி), நீட்டிவிட்டு 0இல் ஸ்டாக்கை (stalk, 0ஐச் சுற்றி எவ்வளவு சுருக்கினாலும் மிஞ்சும் தரவை) பாருங்கள். வலது நீட்டிப்பில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள். இடதில், அதாவது எழுத்துக்கு அடியில் ஆச்சரியக்குறி போட்டு எழுதுகிறார்களே அதில், பூஜ்யம்.