விடைத்தாளை முதலில் மாணவரே திருத்தட்டும்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் நான் ‘முக்கியம்’ என்று குறித்துத் தரும் வினாக்களை மட்டுமே படிக்கிறார்கள். ஸ்லிப் டெஸ்ட் இல்லாத நாளில் புத்தகத்தைத் தொடுவதில்லை. தாமாகவே படிக்க அவர்களை எப்படிப் பழக்குவது?

பதில்: எதைப் படிப்பது, எப்போது படிப்பது, படித்தது சரியா என்ற மூன்றையும் பள்ளியே தீர்மானித்துவந்த ஏற்பாட்டில் பத்து ஆண்டுகள் இருந்தவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. பொறுப்பை ஒப்படைப்பதென்றால் பலரும் கால அட்டவணை போடச் சொல்வதிலிருந்து தொடங்குகிறார்கள். அது பெரும்பாலும் சுவரில் ஒட்டப்படுவதோடு சரி. என் கருத்தில் முதலில் கைமாற வேண்டியது, ‘இது எனக்குத் தெரியுமா?’ என்று தீர்மானிக்கும் வேலைதான்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது அந்த இடத்தில்தான். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் உரைப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த கல்லூரி மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆனாலும் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

எனவே வாரத்தில் இரண்டு நாள், பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் புத்தகத்தை மூடச் செய்து, அன்று நடத்திய ஆக்சிஜனேற்ற எண் கணக்கையோ மோல் கணக்கையோ நினைவிலிருந்து எழுதவும், பிறகு புத்தகத்தைத் திறந்து வேறு நிறப் பேனாவால் தாமே திருத்தவும் சொல்லுங்கள். பிழைக்குப் பக்கத்தில் அதன் காரணத்தையும், அதாவது சூத்திரம் தெரியவில்லையா, படி விட்டுப்போயிற்றா, அலகு தவறா என்பதை, அவர்களே குறிக்க வேண்டும். அடுத்து என்ன படிப்பது என்பதற்கு உங்கள் ‘முக்கிய வினா’ப் பட்டியலைவிட அந்தக் குறிப்பு நம்பகமானது. இந்த நோட்டுக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் விடை பக்கத்து பெஞ்சிலிருந்து வந்துவிடும்.

மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு வினா போதும்.

ஸ்லிப் டெஸ்டை நிறுத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு விடைக்கும் தாம் எதிர்பார்க்கும் மதிப்பெண்ணை ஓரத்தில் எழுதித் தரச் சொல்லி, உங்கள் மதிப்பெண்ணோடு ஒப்பிட வையுங்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறையத் தொடங்கிய மாணவருக்கு, அடுத்த தேர்வுக்கான பாடப்பகுதியைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கலாம்; மற்றவர்களுக்கு அதில் அவசரம் வேண்டாம்.