திறமை இருந்தால் மட்டும் போதாதா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர், "இங்கே யாரும் என்னைத் தங்களில் ஒருவனாக நினைப்பதில்லை, அதனால்தான் வேலையில் மனம் ஓட மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் சொன்னார். எனக்கு இது சாக்காகத்தான் படுகிறது. திறமை இருப்பவர், மற்றவர்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் மேலே வந்துவிடுவார். பெரிய சாதனையாளர்கள் பலரும் ஒதுக்கப்பட்டவர்கள்தானே?

பதில்: உங்களை நம்பி ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். "சாக்கு" என்ற அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே நீங்கள் சொல்லிவிடவில்லை என்று நம்புகிறேன்.

ஒதுக்கப்பட்டும் சாதித்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஒதுக்கப்பட்டு அப்படியே நின்றுபோனவர்களின் பெயர் தெரிவதற்கு வழியே இல்லை. முதல் கூட்டத்தை மட்டும் எண்ணிவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

அந்த முதல் கூட்டத்தையாவது சரியாகப் பார்ப்போம். கணித மேதை எம்மி நோதர் 1907-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் பல ஆண்டுகள் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல் உழைத்தார். 1915-இல் கணிதப் பேராசிரியர்களான ஹில்பர்ட்டும் கிளைனும் அவரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தபோது, ஒரு பெண் அங்கே பாடம் நடத்தக்கூடாது என்று பேராசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர் எடுத்த வகுப்புகள் ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பட்டன. சொந்தப் பெயரில் பாடம் நடத்தும் உரிமை 1919-இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, இன்றைய இயற்பியல் சார்ந்து நிற்கும் தேற்றங்களில் ஒன்றை அவர் வெளியிட்டுவிட்டார்.

பார்த்தீர்களா, ஒதுக்கியும் ஜெயித்துவிட்டார் என்பீர்கள். ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய கணித மேதைகளில் இருவர் அவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும் கணிதப் பேராசிரியர். அதே மூளையோடு பிறந்து, ஹில்பர்ட் போல ஒருவர்கூட வாய்க்காத பெண் என்ன ஆகியிருப்பார்?

சரி, ஒதுக்கப்படுவது வெறும் மனவருத்தம்தானே, வேலையை எப்படிக் கெடுக்கும் என்று கேட்கலாம். பாமைஸ்டர், ட்வெங்கி, நஸ் என்ற உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்களில் சிலரிடம், "பிற்காலத்தில் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்" என்று பொய்யாகக் கணித்துச் சொன்னார்கள். வேறு சிலரிடம், "உங்களுக்கு விபத்துகள் நேரும்" என்றார்கள். அப்புறம் அறிவுத்திறன் தேர்வு வைத்தார்கள். விபத்து என்று கேட்டவர்கள் வழக்கம்போல எழுதினார்கள். தனிமை என்று கேட்டவர்களின் மதிப்பெண்தான் நன்றாக இறங்கியது. அதிலும் மனப்பாடம் போன்ற எளிய வேலை கெடவில்லை. யோசித்துத் தீர்க்க வேண்டியவைதான் கெட்டன.

உங்கள் அலுவலகத்துக்கு வருவோம். அந்த இளைஞர் சொன்ன வேலையைச் செய்துவிடுவார், சொந்தமாக யோசிக்க வேண்டிய இடத்தில் திணறுவார். பார்க்கிறவர்கள் "இவருக்கு அவ்வளவுதான் சரக்கு" என்பார்கள். நாமே உண்டாக்கிய திணறலை அவருடைய இயல்பு என்று எழுதி வைத்துவிடுகிறோம். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. தம்மவர் என்று நினைப்பவரை நாம் உரிமையோடு திருத்துகிறோம். "இது சரியில்லை, திரும்பச் செய்" என்கிறோம். வெளியாள் என்று நினைப்பவரிடம் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்தபின் குறையைப் பேசுகிறோம். எந்தத் தொழிலிலும் பாதிக்கு மேல் பேச்சுவாக்கில்தான் கற்றுக்கொள்கிறோம். யாரிடம் எதை எப்படிக் கேட்பது, எந்தத் தவறை மேலதிகாரி பொறுப்பார், எதைப் பொறுக்க மாட்டார் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அந்தப் பேச்சில் இடமில்லாதவர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறித் தானே கண்டுபிடிக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் அடுத்த படிக்குப் போய்விடுவார்கள்.

தனியாக இருந்தால்தான் நன்றாக வேலை செய்வேன் என்பவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அது அவர்களாக விரும்பி ஒதுங்குவது; வேண்டும்போது திரும்பி வரலாம். அந்த வசதி இந்த இளைஞருக்கு இல்லை. அவர் பாராட்டும் கேட்கவில்லை, சலுகையும் கேட்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அமெரிக்காவில் வால்டன், கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள், "நமக்கு இங்கே இடமில்லையோ என்ற கவலை புதிதில் எல்லோருக்கும் வரும், போகப்போகத் தீரும்" என்பதை, மூத்த மாணவர்களின் அனுபவமாகப் புதிய கல்லூரி மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். ஒரு மணி நேர வேலை, அவ்வளவுதான். அந்தப் பயிற்சி பெற்ற கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்தன என்று 2011-இல் எழுதினார்கள். நீங்களும் ஒரு காலத்தில் அங்கே புதியவர்தானே? அப்போது பட்ட தவிப்பை அவரிடம் சொல்லுங்கள். அவர் கடைசியாக முடித்துக் கொடுத்த வேலையை எடுத்து வைத்துக்கொண்டு, எது சரி, எது தவறு என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டத்தில் அவர் கருத்தைக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால், அவர் பெயரைச் சொல்லியே ஏற்றுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் சில மாதங்கள் செய்துவிட்டு, அவருக்குத் திறமை இருக்கிறதா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.