புண்ணைக் காக்கும் பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் 'வார் ரெக்வியம்' கேட்டு அழுதேன், போரில் செத்தவர்களுக்கான இரங்கல் இசை அது. முடிந்ததும் மனம் லேசாகிவிட்டது. அதுதான் உறுத்துகிறது. அத்தனை பேர் செத்த போரை நினைத்து ஒரு மாலை அழுதுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். இசை ஆற்றுகிறதா, மறக்கடிக்கிறதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மறக்கடிக்கும் இசையும் உண்டு. நம் பக்கத்துப் பிணங்களை மட்டும் எண்ணிப் புகழ்பாடும் இசை அது. அதைக் கேட்டு லேசாகும் மனம் அடுத்த போருக்குத் தயாராகிவிடும்.

நீங்கள் கேட்டது வேறு. புறநானூற்றின் 281ஆம் பாடலைப் பாருங்கள், அரிசில்கிழார் பாடியது. போரில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒருவன். வீட்டில் வேப்பிலை செருகி, யாழும் பல கருவிகளும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, அவன் புண்ணைக் காப்போம் வா என்று தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. வலியோடு அவனைத் தனியே விடக்கூடாது என்ற பதைப்புதான் அந்தப் பாட்டு முழுக்க. இசை ஆற்றும் என்றால் முதலில் இப்படித்தான் ஆற்றும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். அவர்களுடைய வைத்தியர் ஒரு பாடகர். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய நவஹோ சிப்பாய்களுக்கு, உறவெல்லாம் கூடி, நாள்கணக்கில் பாடி ஒரு சடங்கு செய்தார்கள். ஆங்கிலத்தில் அதை 'எனிமி வே', அதாவது 'எதிரி வழி' என்பார்கள். திரும்பி வந்தவனை அலைக்கழிப்பது செத்த எதிரியின் ஆவி என்பது நம்பிக்கை. அந்த எதிரியைக் கணக்கில் எடுக்காமல் இவனைக் குணப்படுத்த வழியில்லை.

'வார் ரெக்வியம்' வந்து சேரும் இடமும் அதுவே. 1940 நவம்பரில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் இங்கிலாந்தின் காவென்ட்ரி பேராலயம் எரிந்தது. அதன் இடிபாடுகளை ஒட்டி எழுந்த புதிய ஆலயத்தில் 1962 மே 30 அன்று அரங்கேற்றம். இறுதிப் பகுதியில் செத்த சிப்பாய் ஒருவன் தன்னைக் கொன்றவனிடம், நீ கொன்ற எதிரி நான்தான், நண்பா என்கிறான். வரி வில்ஃப்ரெட் ஓவனுடையது. 1918இல் முதல் உலகப்போர் முடிய ஒரு வாரமே இருக்கும்போது போர்முனையில் செத்த ஆங்கிலக் கவிஞர். அன்று அதைப் பாடிய டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்கவ் ஜெர்மானியர், ஹிட்லரின் ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். இசையமைத்த பிரிட்டன் தெரிந்தேதான் அவரை அழைத்தார். ரஷ்யப் பாடகி கலீனா விஷ்னெவ்ஸ்கயாவையும் கேட்டிருந்தார், சோவியத் அரசு அனுப்பவில்லை.

மனம் லேசானதற்காக வருந்தாதீர்கள். ஓவனின் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இறுதிப் பகுதியை மட்டும் மறுபடி கேளுங்கள். இரண்டு சிப்பாய்களில் எவனுக்காக அழுதீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.