பழைய கோவென்ட்ரி கிளைமாக்ஸ் ரேஸ் எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேட்டிருப்பவர் ஏற்காட்டில் பழைய கார்கள் சேர்ப்பவர். இங்கிலாந்திலிருந்து 2.5 லிட்டர் கிளைமாக்ஸ் எஃப்பிஎஃப் எஞ்சின் ஒன்று அவருக்கு விலைக்கு வந்திருக்கிறது. சேலத்தில் எஞ்சின் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தாராளமாக வாங்குங்கள். ஆனால் காட்சிக்கு வைக்கவா, ஓட்டவா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கிளைமாக்ஸ், தீயணைப்பு பம்பும் ஃபோர்க்லிஃப்டும் செய்த கம்பெனி. 50களில் ஃபார்முலா ஒன்னுக்கு என்று எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் ஒன்றைச் செய்தார்கள். மற்றவர்கள் சொல்லிக்கொண்ட குதிரைத்திறனைக் கேட்டுத் தயங்கி, அதை வெளியே விடவே இல்லை. அதில் பாதியை எடுத்து நாலு சிலிண்டராக வளர்த்ததுதான் எஃப்பிஎஃப். அதைப் பின்பக்கம் வைத்த கூப்பர் காரில் ஜாக் பிரபாம் 1959, 1960 இரண்டு வருடமும் உலக சாம்பியன். அதன் திறன் சுமார் 240 குதிரைத்திறன்தான். ஃபெராரியிடம் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது. எடை குறைந்த சின்னக் காரில் உட்கார்ந்து ஜெயித்த எஞ்சின் இது. எனக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை.

இப்போது இதற்குப் பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்), ஹெட் (அதன் மேல்மூடி) எல்லாம் இங்கிலாந்தில் புதிதாகவே வார்க்கிறார்கள். ஓட்டுபவருக்கு அதுதான் நல்லது. சேகரிப்பவருக்கோ அந்தக் கால வார்ப்பு, எஞ்சின் நம்பர், எந்தக் காரில் ஓடியது என்ற காகிதம் மூன்றும் சேர்ந்தால்தான் விலை. நம்பர் குத்திய இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றிலும் புதிதாகத் தேய்த்த தடம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

அடுத்தது பிளாக். இது முழுக்க அலுமினியம், உள்ளே வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் நேராகத் தண்ணீர் படும்படி வைத்த சிலிண்டர் குழாய். தண்ணீர் தேங்கி நின்றிருந்தால் லைனர் உட்காரும் விளிம்பில் வெள்ளைப் பொடி பூத்து, கீழே குழி குழியாக அரித்திருக்கும். லைனரை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும், மேலே பாலிஷ் போட்டால் தெரியாது. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் சிவப்புச் சாயம் தடவும் கிராக் டெஸ்ட், கிராங்க் ஷாஃப்ட்டுக்கு விரிசல் காட்டும் காந்த டெஸ்ட். இரண்டுக்கும் ரிப்போர்ட் கேளுங்கள்.

அந்தக் காலத்து ரேஸ் எஞ்சின்களுக்குப் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த ஆயில்தான். நம் ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கிறார்களே, அதே ஆமணக்கு. மசகுக்கு அருமையான எண்ணெய். ஆனால் வருடக்கணக்கில் ஓடாமல் நின்றால் பிசின் மாதிரி இறுகி பிஸ்டன் ரிங்கைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட எஞ்சினை ஸ்பேனர் போட்டு வலுக்கட்டாயமாகச் சுற்றவே கூடாது. மொத்தமாகப் பிரித்துக் கழுவி, ஆயில் பாதைகளைச் சுத்தம் செய்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் இறக்குமதி. பழைய பாகங்களைக் கொண்டுவர முன்அனுமதி வேண்டியிருக்கலாம். கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவரிடம் பேசிவிட்டே பணத்தைப் பற்றி யோசியுங்கள். ஹெட்டைக் கழற்றிக் காட்ட மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸ் கூட அனுப்பாதீர்கள்.